வட்டக்கானலில் நீங்கள் பார்த்த நீலப் பறவை எது?

ஏப்ரல் கடைசியில் கொடைக்கானலுக்குப் போயிருந்தபோது, வட்டக்கானலில் விடியும் நேரத்தில் சோலைக்குள்ளிருந்து நீண்டதொரு சீழ்க்கைப் பாட்டைக் கேட்டதாகவும், கொஞ்ச நேரம் கழித்து மைனாவைவிடச் சிறிய, மேலே நீலமும் வயிற்றில் வெண்மையுமாக இருந்த ஒரு பறவை நடைபாதையைத் தத்திக் கடந்து புதருக்குள் மறைந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உடன் வந்தவருடைய கைப்பேசிச் செயலி அதை நீலகிரிச் சோலைக்கிளி என்றது. விடுதிக்காரர் சீகாரப் பூங்குயில் என்றார். போன வருடம் ஊட்டியிலும் இதே பறவையைப் பார்த்ததாக உங்களுக்கு நினைவு. இவற்றில் எது சரி, பெங்களூரிலிருந்து அடுத்த முறை போகும்போது அதை நிதானமாகப் பார்க்க என்ன செய்ய வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். உங்கள் குறிப்பை இரண்டாம் முறை படித்தபோது, நீங்கள் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி ஒன்றும் அதற்குள் இருப்பதைக் கவனித்தேன். காதில் விழுந்த பாட்டும் கண்ணில் பட்ட பறவையும் ஒன்றுதானா என்பதே அது. ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உறுதியில்லை. ஆகவே பறவையைத் தனியாகவும் பாட்டைத் தனியாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. விலங்கியல் படித்தவன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைப்பவன். அல்சூரில் குடியிருந்துகொண்டு, 22 ஆண்டுகளாகக் கிடைக்கிற விடுமுறைகளில் எல்லாம் குடகு, பாபாபுடன்கிரி, நீலகிரி, பழனிமலை, வால்பாறை என்று சுற்றி வந்து, பார்த்ததைப் பார்த்த அன்றே நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கும் பழக்கம் உடையவன். அந்த நோட்டுகளில் தவறுகளும் ஏராளம். அவற்றில் ஒன்று உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் என்பதால் கீழே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த பறவை வெண்வயிற்றுச் சோலைக்கிளி. புகைப்படம் இல்லாமல், இரண்டு வினாடிப் பார்வையை மட்டும் வைத்து இவ்வளவு துணிவாக நான் சொல்வதற்கு முதற்காரணம் அதன் நிறமன்று, நீங்கள் நின்றிருந்த இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில், ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு மேல், சோலைக்காட்டின் தரையிலும் தாழ்ந்த புதர்களிலும் மட்டுமே வாழ்கிற குருவி இது. வட்டக்கானல் அதைப் போல இரு மடங்கு உயரத்தில் இருக்கிறது. ஈரமான சோலை, மங்கிய வெளிச்சம், தரையில் தத்திச் செல்லும் நடை, மேலே கருநீலம், வயிற்றில் வெண்மை ஆகிய ஐந்தும் ஒன்றுசேர்ந்து பொருந்துகிற பறவை அந்த மலையில் வேறு இல்லை. ஐந்தில் ஒன்று மட்டும் பொருந்தினால் மூன்று நான்கு பறவைகள் போட்டிக்கு வரும், அவற்றையும் பார்த்துவிடுவோம்.

செயலி எங்கே தவறியது என்பதைப் புரிந்துகொள்ள பாலக்காட்டுக் கணவாயை நினைத்துக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போயிருந்தால் அந்த இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் சுவர்போல் நிற்க, நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு மலையே இல்லாமல் காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கும். நமக்கு அது வசதியான சமவெளி. சோலையின் இருட்டைவிட்டு வெளியே வந்து ஒரு புல்வெளியைக் கடக்கவே தயங்குகிற 15 சென்டிமீட்டர் குருவிக்கு அது கடல். ஆகவே கணவாய்க்கு வடக்கே ஒரு இனமும் தெற்கே வேறு இனமும் தனித்தனியாக வாழ்ந்து வந்திருக்கின்றன. வடக்கில், அதாவது நீலகிரியிலும் குடகின் பிரம்மகிரியிலும் சிக்கமகளூருக்கு மேலேயுள்ள பாபாபுடன் மலையிலும் இருப்பது நீலகிரிச் சோலைக்கிளி. தெற்கில், ஆனைமலையிலும் பழனிமலையிலும் மூணாறு பக்கத்து மலைகளிலும் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. கொடைக்கானல் கணவாய்க்குத் தெற்கே இருக்கிறது. ஆகவே உங்கள் செயலி இனத்தின் குடும்பத்தைச் சரியாகச் சொல்லி, ஊரைத் தவறவிட்டது. கைப்பேசியில் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் வசதியை அணைத்து வைத்திருந்தால் இப்படி நடக்கக் கூடும். உங்கள் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு இன்னொரு காரணம் நூல்களில் இருக்கிறது. கையில் வைத்திருக்கும் வழிகாட்டி நூல் எந்த ஆண்டில் அச்சானது என்பதைப் பொறுத்து இந்தப் பறவைக்கு வெவ்வேறு பெயர்கள் கிடைக்கும். நீலகிரிப் பறவையை அறிவியலுக்கு முதலில் அறிமுகப்படுத்தியவர் ஜெர்டன். பழனிமலைப் பறவையை 1868-இல் விவரித்தவர் பிளான்போர்டு. அவருக்கு மாதிரிகளைக் கொடுத்தவர் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார். கொடைக்கானலில் கூட்டமாகக் கூச்சலிடும் பழனிச் சிரிப்பானின் அறிவியல் பெயரில் அவருடைய பெயர் இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் இரண்டு சோலைக்கிளிகளையும் ஒரே இனத்தின் இரு கிளைகளாகக் கருதி, இமயத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் குறுஞ்சிறகன் குழுவில் சேர்த்து வைத்திருந்தார்கள். பிறகு நீல ராபின் என்றார்கள். 2017-இல் வி. வி. ராபினும் அவருடைய குழுவினரும் மரபணு, உடலமைப்பு, பாட்டு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, இவை குறுஞ்சிறகன்களுக்கு நெருங்கிய உறவே இல்லை, நீல ஈப்பிடிப்பான்களின் பக்கத்துக் கிளை என்று காட்டி, சோலிகோலா என்ற புதிய பேரினத்தை அமைத்தார்கள். அப்போதே செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலையில் வாழ்வது மூன்றாவது இனம் என்றும் பிரித்தார்கள். உங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கமாக இருந்து, களக்காட்டு மலையுச்சியில் இதேபோல் ஒன்றைக் கண்டால், அது கொடைக்கானல் பறவை அன்று என்பதை நினைவில் வையுங்கள்.

சோலைக்கிளி என்ற பெயரைக் கேட்டதும் பச்சைக்கிளியைக் கற்பனை செய்துகொண்டு ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழில் கிளி என்றால் கிளிதான். மலையாளத்தில் எந்தச் சிறு பறவையையும் கிளி என்று சொல்லிவிடலாம். அந்தப் பொருளில் ஆங்கிலப் பட்டியலுக்குப் போன சொல், தமிழ் எழுத்தில் திரும்பி வரும்போது நம்மைக் குழப்புகிறது. நான் தமிழில் எழுதும்போது சோலைக்குருவி என்று எழுதலாமா என்று பலமுறை யோசித்ததுண்டு. ஆனால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்பதால் விட்டுவிட்டேன்.

அடையாளங்களுக்கு வருகிறேன். வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு முதுகு, தொண்டை, மார்பு, விலாப்புறம் எல்லாமே மங்கிய கருநீலம். வயிற்றின் நடுப்பகுதி மட்டும் வெண்மை. கண்ணுக்கு முன்னே கறுப்பும், நெற்றியிலிருந்து புருவம்போல் ஓடும் வெளிறிய நீலவெண் கோடும் உண்டு. கால்கள் உடலுக்கு நீளமானவை. நீலகிரிச் சோலைக்கிளியில் முதுகும் மார்பும் நீலமாகவே இருந்தாலும், விலாவில் செம்பழுப்பு நிறம் தெளிவாகத் தெரியும். புருவக்கோடு அவ்வளவு எடுப்பாக இராது. ஆகவே விலா செம்பழுப்பா கருநீலமா என்பது ஒன்றே இரண்டையும் பிரிக்கப் போதும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறத்தில் சொல்லிக்கொள்ளும் வேறுபாடு கிடையாது. கூட்டைவிட்டு வந்த புதிதில் குஞ்சுகள் பழுப்பாகப் புள்ளிகளுடன் இருக்கும். மே, ஜூன் மாதங்களில் பெரிய பறவையின் பின்னாலேயே ஒரு பழுப்புக் குருவி தத்திக்கொண்டு போனால் அதை வேறு இனம் என்று எழுதிவிட வேண்டாம். நீங்கள் எழுதிய குறிப்பில் விலாவைப் பற்றி ஒன்றும் இல்லை. இரண்டு வினாடியில் அதையும் பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. அதனால்தான் இங்கே நிறத்தைவிட ஊரை நம்புகிறேன்.

இப்போது என் நோட்டுப் புத்தகத்தின் தவறு. வால்பாறைக்குக் கீழே, ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய காட்டில், மேலே நீலமும் கீழே வெண்மையுமான பறவையைக் கண்டு, சோலைக்கிளி என்று மகிழ்ச்சியோடு எழுதி வைத்தேன். அடுத்த வருடமும் அதே இடத்தில் பார்த்து அதே பெயரை எழுதினேன். மூன்றாம் முறை போனபோது அதன் அருகிலேயே, தொண்டையும் மார்பும் ஆரஞ்சு நிறமாக, முதுகு பழுப்பாக இருந்த இன்னொரு பறவை வந்து உட்கார்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று துரத்தாமல் சேர்ந்து இரை தேடியதைப் பார்த்த பிறகுதான் அவை ஆணும் பெண்ணும் என்பதும், நான் இரண்டு ஆண்டுகளாக எழுதி வைத்தது வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பான் என்பதும் புரிந்தது. நிறத்தை மட்டும் பார்த்தால் அந்த ஆணும் சோலைக்கிளியும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். நடத்தையைப் பார்த்தால் குழப்பமே வராது. ஈப்பிடிப்பான் இடுப்புயரக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பூச்சியைப் பார்த்ததும் பாய்ந்து பிடித்து வேறொரு கிளைக்குப் போகும். சோலைக்கிளி சருகில் தத்தி, நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி தத்தும். தவிர, ஈப்பிடிப்பான் தாழ்வான மலைக்காடுகளில் வசிப்பது. கொடைக்கானல் உயரத்தில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. இதே பறவையை உயரம் குறைந்த தாண்டிக்குடிப் பக்கம் கண்டதாக எழுதியிருந்தால் என் பதில் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விடுதிக்காரர் சொன்ன சீகாரப் பூங்குயில் மைனா அளவுக்கு இருக்கும்; அதன் வயிற்றில் வெண்மையே கிடையாது; உடல் முழுவதும் கறுப்பு, நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலம். ஆகவே பார்த்த பறவையைப் பொறுத்தவரை அவர் சொன்னது தவறு. நீலகிரி ஈப்பிடிப்பான் கொடைக்கானலில் சர்வ சாதாரணம்; ஆனால் அது வெளிச்சம் படும் கிளை நுனியிலும் வேலிக் கம்பியிலும் உட்காரும் பறவை, தரையில் தத்தாது. சற்று யோசிக்க வைப்பது இந்திய நீல ராபின். இமயத்திலிருந்து குளிர்காலத்துக்கு வந்து, இதே சோலைத் தரையில் இதே மாதிரி தத்துகிற பறவை அது. ஆனால் அதற்கு மார்பு ஆரஞ்சு. வெண்புருவம் கோடு கிழித்ததுபோல் அழுத்தமானது. வாலை அடிக்கடி நடுக்கும். ஏப்ரலில் அவை வடக்கே புறப்பட்டுவிடுகின்றன. பிந்திப் போகும் ஓரிரண்டு கடைசி வாரத்தில் இருந்திருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். எனினும், ஆரஞ்சு மார்பு கண்ணில் படாமல் வெள்ளை வயிறு மட்டும் பட்டிருக்கும் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது.

பாட்டு வேறு விஷயம். இங்கே நான் விடுதிக்காரர் பக்கம் சாய்கிறேன். நீங்கள் 'யாரோ ஒருவர் வேலையில்லாமல் விசிலடித்துக்கொண்டு நடப்பதுபோல்' என்று எழுதியிருக்கிறீர்கள். சீகாரப் பூங்குயிலின் பாட்டை இதைவிட நன்றாக வருணிக்க முடியாது. வெளிச்சம் சரியாக வராத நேரத்தில், ஓடைக்கரைப் பாறையிலிருந்து, மனிதக் குரலின் தாழ்ந்த சுருதியில், ராகம் தொடங்குவதுபோல் தொடங்கி எங்கும் போய்ச் சேராமல் அலைவது அதன் இயல்பு. ஆங்கிலேயர்கள் அதற்கு விசிலடிக்கும் பள்ளிக்கூடப் பையன் என்று பெயர் வைத்தது சும்மா அன்று. சோலைக்கிளியின் பாட்டு இதற்கு நேர்மாறானது. சுருதி மிக உயர்ந்தது. மெல்லிய சீழ்க்கைகள் அடுத்தடுத்து வரும். நடுவே கரகரத்த ரீங்காரம் ஒன்று கலக்கும். ஒரு தொடரைப் பாடி முடித்து, இடைவெளி விட்டு, சற்றே மாற்றி மறுபடி பாடும். வயதானவர்களுக்கு அதன் மேல்சுருதிகள் காதில் விழுவதே இல்லை. எனக்கே இப்போது பத்தடிக்குள் பாடினால்தான் முழுதாகக் கேட்கிறது. விசில் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் பயன்படுத்துவதால் இந்தக் குழப்பம் ஓயாமல் நடக்கிறது. மூன்றாவது வாய்ப்பு பிளாக்பேர்டு. கொடைக்கானல் விடியலில் மர உச்சியிலிருந்து மிக அழகாகப் பாடுகிற பறவை அதுவே. உங்களுக்குப் பாட்டு வந்தது கீழே ஓடைப் பக்கமிருந்து என்பதால் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

ஆக, பார்த்தது வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்பது ஏறத்தாழ நிச்சயம். கேட்டது சீகாரப் பூங்குயிலாக இருக்கலாம் என்பது ஊகம். அந்த இரண்டுக்கும் நடுவே கால் மணி நேர இடைவெளி இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சோலையில் கால் மணி நேரம் என்பது மிக நீண்ட நேரம். அதற்குள் ஐந்தாறு பறவைகள் அந்தப் பாதையைக் கடந்திருக்கும். குறிப்பு எழுதும்போது கேட்டது ஒரு வரி, பார்த்தது ஒரு வரி என்று இரண்டாக எழுதுங்கள். அலகு திறப்பதையும் ஒலி வருவதையும் ஒன்றாகக் கண்டால் மட்டுமே இரண்டு வரிகளையும் ஒரு பெயருக்குக் கீழே சேர்க்கலாம். நான் இந்த வழக்கத்துக்கு வந்தது வால்பாறைத் தவறுக்குப் பிறகுதான்.

ஊட்டியில் பார்த்தது இதே பறவையா என்ற கேள்விக்கு, மேலே சொன்னதே பதில்: சோலைக்கிளியாகவே இருந்தாலும் அது கணவாய்க்கு வடக்குப் பக்கத்து இனம். அந்த வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி; ஒன்றைக் கண்டதாக எண்ணிக்கொண்டு இரண்டையும் கண்டிருக்கிறீர்கள். ஊட்டிப் படம் எதுவும் கைப்பேசியில் மிச்சம் இருந்தால் விலாவின் நிறத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீலகிரி இனம் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளதாகவும், பழனிமலை இனம் அதற்கு ஒரு படி கீழே அழிவை நோக்கிச் செல்லக்கூடியதாகவும் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. தேயிலைக்கும் வாட்டில், பைன் மரத் தோட்டங்களுக்கும் சோலைகள் வெட்டப்பட்டு, மிஞ்சியவை சிறு சிறு துண்டுகளாக ஆனது முக்கியக் காரணம். தோட்டத்தைத் தாண்டி அடுத்த சோலைக்குப் போகத் தயங்குகிற பறவைக்கு ஒவ்வொரு துண்டும் தனித் தீவு.

அடுத்த பயணத்தைப் பற்றி. மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை பாட்டுக் காலம். கோடை மழை ஒன்றிரண்டு பெய்த மறுநாள் காலை மிக நல்லது. பெங்களூரிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் சேலம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகக் காலையில்தான் கொடைக்கானல் போய்ச் சேருவீர்கள். அன்றைய விடியல் வீணாகிவிடும். ஆகவே ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குங்கள். ஊட்டிக்கு என்றால் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இரண்டு ஊர்களுக்கும் வண்டிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். நீதிமன்ற உத்தரவு என்பதால் சோதனைச் சாவடியில் கெஞ்சிப் பயனில்லை. இடம் என்று பார்த்தால், முன்பு கண்ட அதே வட்டக்கானல் பாதைதான் முதல் தேர்வு; இந்தப் பறவைகள் தங்கள் எல்லையைவிட்டு எளிதில் நகர்வதில்லை. பாம்பார் சோலையின் ஓரமும் நல்ல இடம். பேரிஜம் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும். விடியலுக்கு முன் உள்ளே விட மாட்டார்கள் என்பதால் இந்தப் பறவைக்காக அங்கே போவதில் பெரிய லாபம் இல்லை. கீழ்ப்புதர் இல்லாத பைன் காட்டில் எவ்வளவு அழகாகப் பனி மூடியிருந்தாலும் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

தேடிக்கொண்டு நடந்தால் இந்தப் பறவை கிடைக்காது. சூரியன் உதிப்பதற்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய், ஓடையோ பாதையோ வளைகிற இடத்தில், முதுகுக்கு ஒரு மரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். முதல் அரை மணி நேரம் எதுவும் நடக்காது. சிரிப்பான்கள் உங்களைப் பார்த்துக் கூச்சலிட்டு ஓயும் வரை மற்றவை வெளியே வராது. பார்வையை முழங்கால் உயரத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டாம். பறவையைத் தேடாமல் அசைவைத் தேடுங்கள்: காற்றில்லாதபோது ஒரு பெரணி இலை மட்டும் ஆடினால் அதன் அடியில் யாரோ இருக்கிறார்கள். சருகில் மனிதர் நடப்பதுபோல் தொடர்ந்து சத்தம் வந்தால் பெரும்பாலும் அது சிலம்பன் என்ற, தத்தாமல் நடந்து போகிற பறவை. இரண்டு தத்தலும் ஒரு மௌனமுமாக வந்தால் தயாராகுங்கள். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 10 மடங்குக் கருவிக்கு ஆசைப்படாமல் 8-க்கு 42 அளவில் (8 மடங்கு, 42 மி.மீ. முன்வில்லை) வாங்குங்கள். சோலை இருட்டில் வெளிச்சமும் அகலமான பார்வையும்தான் உதவும், பெரிதாக்குவது உதவாது. இரண்டு மீட்டர் அருகில் இருப்பதையும் தெளிவாகக் காட்டுகிறதா என்று கடையிலேயே சோதித்துவிடுங்கள், ஏனென்றால் இந்தக் குருவி வந்தால் காலடியில்தான் வரும். வட்டக்கானலில் இருட்டில் தனியாக நடப்பதில் ஒரு உண்மையான ஆபத்து உண்டு: காட்டுமாடு. பாதையின் திருப்பத்தில் அது நின்றால், படம் எடுக்க நிற்காமல், திரும்பி வந்துவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பைவிட நீண்ட காலுறை மேல்.

பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைக்கலாமே என்று யாராவது உங்களுக்குச் சொல்லக் கூடும். அப்படிச் செய்தால் சோலைக்கிளி வரும் என்பது உண்மைதான். எதிரி ஒருவன் தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு வரும். ஆண்டுக்குப் பெரும்பாலும் இரண்டே முட்டை இடுகிற பறவை அது. வார இறுதிதோறும் பத்துப் பேர் ஒரே வளைவில் நின்று அதையே செய்தால் அந்த ஆண் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். படம் எடுப்பதற்காகப் புழுவைத் தூவி வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை, அதில் எல்லாரும் என்னோடு ஒத்துப்போவதில்லை என்றாலும்.

அதுவரை பெங்களூரிலேயே கண்ணையும் காதையும் பழக்கலாம். இன்னும் சில வாரங்களுக்குக் குண்டுகரிச்சான்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் உட்கார்ந்து பாடும். ஒரே பறவை எத்தனை தொடர்களை மாற்றி மாற்றிப் பாடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பாட்டைத் தொடர்களாகப் பிரித்துக் கேட்கும் பழக்கம் அதில் வரும். நவம்பரிலிருந்து நந்தி மலைக்குப் போய், மேலேயுள்ள மரத்தோப்பில் வார நாள் காலையில் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றையும் விரட்டிவிடும். சருகில் தத்துகிற இந்திய நீல ராபினும் நடந்து போகிற புள்ளிச் சிலம்பனும் அங்கே கிடைக்கக் கூடியவை. அந்த இரண்டின் நடையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், வட்டக்கானலில் உங்களுக்கு இரண்டு வினாடியே போதும்.

கடைசியாக, ஓடைச் சத்தத்துக்கு நடுவே பாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்ததாகவும், ஒன்றும் புரியவில்லை என்பதால் அழித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அழிக்காதீர்கள். ஓடையின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கும். அதை வடிகட்டிவிட்டால் மேல்சுருதியில் சோலைக்கிளி இருந்தால் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கிவிடும் என்பதால், மூலக் கோப்பை அப்படியே இங்கே இணைத்து, எந்த நிமிடத்தில் கேட்டீர்கள் என்பதையும், அப்போது வெளிச்சம் எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். மேல்சுருதி என் காதுக்கு எட்டாது. ஆனால் ஒலியைப் படமாக்கிக் காட்டும் நிரலில் பார்த்துச் சொல்ல முடியும்.